சினிமாவும் பெண் சம்பாத்தியமும்

சினிமாவைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் எக்காலத்திலும் இருந்ததில்லை. புராணக் குப்பைகளைத் திரையில் ஏற்றிக் காட்டி, ஜனங்களின் காசையும் பறித்துக்கொண்டு மூளையையும் மழுக்கி அனுப்புகின்ற வேலையை அது வெகு காலமாகச் செய்து வந்திருக்கின்றது. ஆனால், சினிமா நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. அதில் பெண்கள் புகுந்து தொழில் செய்து சம்பாதிப்பது தகுமா தகாதா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பகுத்தறிவு பேசுகின்ற நம்மவர்களிலேயே சிலர் “சினிமாக்காரி” என்று வாய் கூசாமல் சொல்வதைக் கேட்கின்றோம். ஆகையால் இதைப்பற்றிச் சிறிது விவரமாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

நமது புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1916-ல் இங்கே பிறந்த பி.யு. சின்னப்பா நாடகக் கொட்டகையிலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பேரும் பணமும் சம்பாதித்தார். அவர் வீடு வீடாக வாங்கிக் குவித்ததைப் பார்த்து, இனி வாங்கக்கூடாதென்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் இன்றைக்கும் பெருமையாகக் கதை சொல்வார்கள். நல்லது, சொல்லட்டும். அடுத்தாற்போல் 1920-ல் இதே ஊரில் பிறந்த ஜெமினி கணேசன். வீட்டிலே மனைவி இருக்க, நடிகை புஷ்பவல்லியோடும் குடும்பம் நடத்தினார். பிறகு 1952-ல் நடிகை சாவித்திரியையும் மணந்தார். இதற்காக யாராவது அவரை ஊர் விலக்கம் செய்தார்களா? “கூத்தாடி” என்று காறித் துப்பினார்களா? இல்லை. “காதல் மன்னன்” என்று பட்டம் கொடுத்தார்கள்! இதே காரியத்தை ஒரு நடிகை செய்திருந்தால் அவளுக்கு என்ன பட்டம் கொடுத்திருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். அதை அச்சில் ஏற்ற நமது பத்திரிகைக்கு மனமில்லை. ஆக, குற்றம் சினிமாவில் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. அதைச் செய்கிறவர் வேட்டி கட்டியவரா சேலை கட்டியவரா என்பதில்தான் நமது ஜனங்களின் ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

நிற்க. பெண்கள் சினிமாவுக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1913-ல் பம்பாயில் தாதாசாகேப் பால்கே “ராஜா ஹரிச்சந்திரா” எடுத்தபோது சந்திரமதி வேஷத்துக்குப் பெண்ணே கிடைக்கவில்லை. தாசித் தெருவில் போய்க் கேட்டும் அவர்களே மறுத்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்துகொண்டிருந்த ஸாளுங்கே என்ற ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டி நடிக்க வைத்தார். பதிவிரதைகளின் நாடு என்று மார் தட்டிக்கொண்டவர்கள், திரையிலே முதன்முதல் தரிசித்த பதிவிரதை மீசை மழித்த ஒரு சமையற்காரர்! அவருடைய அடுத்த படத்தில் நடிக்கத் துணிந்தவர், புருஷனைப் பிரிந்து தன் பெண்ணை வைத்துக்கொண்டு ஜீவனத்துக்குக் கஷ்டப்பட்ட துர்காபாய் காமத் என்ற அம்மை. அவருடைய மகள் கமலாபாயும் அதே படத்தில் நடித்தாள். வயிற்றுப்பாடு கற்றுக்கொடுத்த தைரியத்தை எந்த சாஸ்திரமும் கற்றுக்கொடுக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் நடந்ததோ இன்னும் கொடுமை. மலையாளத்தின் முதல் படமான “விகதகுமாரன்” படத்தில் ஜே.சி. டேனியல் என்பவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி.கே. ரோஸி என்ற பெண்ணை நாயர் ஸ்திரீ வேஷத்தில் நடிக்க வைத்தார். ஒரு புலையப்பெண் நாயர் ஸ்திரீயாக வரலாமா என்று மேல்சாதியார் ரகளை செய்து கல்லெறிந்தார்கள். அவள் குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிருக்குப் பயந்து லாரியேறித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி வந்தவள், அதன் பிறகு நடிக்கவேயில்லை. தான் நடித்த படத்தைத் தானே பார்க்கக் கொட்டகைக்குள் விடப்படாத நடிகை உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்த “காளிதாஸ்” பேசும் படத்தில் தமிழ் பேசிய கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றில் பிறந்த பார்ப்பனப் பெண். சிறு பிராயத்திலேயே கலியாணம் செய்து வைத்து, வரதட்சணைத் தகராறில் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டவர். தகப்பனாரும் போய்விட்ட பிறகு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது வேதமா, மந்திரமா? நாடகக் கம்பெனி போட்டது. அந்த அம்மை நடித்ததோடு நிற்காமல், தாம் எழுதிய நாவலையே எடுத்துக்கொண்டு, சொந்தக் கம்பெனி வைத்து, தாமே டைரக்ட் செய்து “மிஸ் கமலா” என்ற படத்தை 1936-ல் வெளியிட்டார். அதே 1936-ல்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் “தாசிகள் மோசவலை” நாவலை வெளியிட்டார். ஒருவர் அக்கிரகாரத்தில் கழித்துக் கட்டப்பட்டவர். மற்றொருவர் தாசித் தொழிலை உதறிவிட்டு வந்தவர். ஒருவருடைய படமும் மற்றொருவருடைய நாவலும் வெளிவந்தது ஒரே ஆண்டில். நம்முடைய பண்டிதர்கள் எழுதுகிற இலக்கிய சரித்திரத்தில் இதைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது.

கொடுமுடி சுந்தராம்பாள் குழந்தைப் பருவத்தில் ரயிலில் பாடிப் பிழைத்தவர். கிட்டப்பா 1933-ல் இறந்துபோன போது அவருக்கு வயது 25. வெள்ளைச் சேலை கட்டினார், இனி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். அந்த வெள்ளைச் சேலை நமக்குச் சம்மதமில்லை. அது வேறு விஷயம். ஆனால் மூலையில் உட்காரவில்லை. 1935-ல் “நந்தனார்” படத்தில் ஆண் வேஷத்தில் தாமே நந்தனாராக நடிப்பதற்கு ஒரு லட்சம் ரூபாய் பேசி வாங்கினார். அக்காலத்தில் ஆண் நடிகர்களே அந்தத் தொகையைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். 1958-ல் சென்னை மேல்சபை அங்கத்தினருமானார். டி.ஆர். ராஜகுமாரி சொந்தப் படக் கம்பெனி நடத்தி, தியாகராய நகரில் தம் பேரிலேயே ஒரு தியேட்டரும் கட்டினார். பானுமதி “சண்டிராணி”யை 1953-ல் மூன்று பாஷைகளில் டைரக்ட் செய்தார். பரணி ஸ்டூடியோவையும் நிர்வகித்தார். முகத்தைக் காட்டி மட்டும் பிழைத்தவர்களா இவர்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய சினிமா நடிகைகளில் பலர் இசை வேளாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை இழிவாகச் சொல்லிக் காட்டுகின்றவர்கள் உண்டு. பொட்டுக் கட்டிக் கோயிலில் விட்டு, ஆட்டத்தையும் பாட்டையும் அனுபவித்து, மிராசுதாருக்கு விருந்து வைத்ததெல்லாம் தர்மமாம்! அதே வித்தையை ஒப்பந்தம் எழுதிக் கூலிக்குச் செய்தால் அதர்மமாம்! டாக்டர் முத்துலட்சுமி 1886-ல் நமது புதுக்கோட்டையில் அப்படிப்பட்ட ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர். அவர் மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றுதான் ஆட்சேபம் கிளம்பிற்று. தொண்டைமான் மகாராஜா உத்தரவு போட்டுச் சேர்த்தார். பையன்கள் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. அந்த அம்மையார் 1912-ல் டாக்டராகி, சட்டசபைக்கும் போய், பொட்டுக்கட்டை ஒழிக்க 1930-ல் மசோதா கொண்டுவந்தார், 1947-ல் சட்டமாயிற்று. “காதல் மன்னனு”க்கு அவர் அத்தை முறை. ஒரே குடும்பத்தில் ஆணுக்கு ஒரு நியாயமும் பெண்ணுக்கு ஒரு நியாயமும் எப்படி என்று பார்க்கப் புதுக்கோட்டைக்காரன் வெளியூர் போகவேண்டியதில்லை.

அறந்தாங்கிப் பக்கத்துத் தோழர் ஒருவர், தம் மகள் சினிமாப் படப்பிடிப்புக் கருவி வேலை படிக்க ஆசைப்படுவதாகவும், உறவினர்கள் “கலியாணம் ஆகாது” என்று மிரட்டுவதாகவும் எழுதி, என்ன செய்வதென்று கேட்டிருந்தார். தாராளமாகப் படிக்கட்டும் என்பதே நமது பதில். சென்னை தரமணியில் அரசாங்கமே ஒரு திரைப்படப் பயிற்சி நிலையம் வைத்து ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் சொல்லிக்கொடுக்கின்றது. பி.ஆர். விஜயலட்சுமி 1985-ல் “சின்ன வீடு” படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தார். சுதா கொங்கரா 2020-ல் எடுத்த “சூரரைப் போற்று” சிறந்த படமென்று தேசிய விருது வாங்கிற்று. கலியாணம் ஆகாதென்றால் ஆகாமலே போகட்டுமே! மாமன் மச்சான் தீர்மானிக்கின்ற கலியாணத்தைவிடத் தானே சம்பாதிக்கின்ற கூலி மோசமானதா?

ஆனால் எல்லாம் சுகம் என்று சொல்லி அப்பெண்ணை ஏமாற்ற நாம் தயாராயில்லை. பம்பாயில் மேக்கப் கலைஞர் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்களை மேக்கப் கலைஞராகச் சேர்க்காமல், தலைவாரி விடும் வேலையோடு நிறுத்தி வைத்திருந்தது. நடிகையின் முகத்துக்கு மாவு பூசவும் ஆண்பிள்ளைதான் வேண்டுமாம்! சாரு குரானா என்ற அம்மை வழக்காடி, 2014 நவம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. பார்ப்பான்தான் பூணூல் போட்டுக் கதவை அடைப்பான் என்று நினைக்கவேண்டாம். தொழிலாளி சங்கமும் சந்தா ரசீதைக் காட்டிக் கதவை அடைக்கும்.

கேரளத்தில் ஒரு நடிகை தாக்கப்பட்ட பின், அங்குள்ள சினிமாப் பெண்கள் ஒன்றுகூடிப் போராடியதன் பேரில் 2017-ல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கையை ஏறக்குறைய ஐந்து வருஷம் பூட்டி வைத்திருந்து 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டார்கள். அதிலே என்ன இருந்தது? வேலை வேண்டுமானால் “ஒத்துப்போக வேண்டும்” என்று கேட்கின்ற அயோக்கியத்தனம் இருந்தது. அதோடு, படப்பிடிப்பு இடத்தில் மூத்திரம் போகவும் உடை மாற்றவும் இடமில்லாமல், பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கின்ற செய்தியும் இருந்தது. கோடிக்கணக்கில் பணம் கொட்டி அரண்மனை ஜோடிக்கின்ற முதலாளிக்கு ஒரு கக்கூஸ் கட்டத் தெரியவில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க உள் கமிட்டி வேண்டுமென்று 2013-லேயே சட்டம் இருக்கின்றது. சினிமாக் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும் என்று 2022-ல் கேரள ஹைக்கோர்ட்டு சொல்லியாயிற்று. தமிழ்நாட்டில் படம் எடுக்கின்ற ஒவ்வொரு முதலாளியிடமும் அந்தக் கமிட்டியில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்க வேண்டியது அங்கே வேலைக்குப் போகிற பெண்ணின் உரிமை.

கடைசியாகப் பண விஷயம். சாவித்திரி 1968-ல் பெரும்பாலும் பெண்களையே வேலைக்கு வைத்துத் தெலுங்கில் “சின்னாரி பாப்பலு” டைரக்ட் செய்த கெட்டிக்காரி. சொந்தப் படத்தில் நஷ்டப்பட்டுச் சொத்தெல்லாம் இழந்து, 1981-ல் மாதக்கணக்காக நினைவில்லாமல் கிடந்து இறந்தார். சம்பாதிக்கத் தெரிந்த எத்தனையோ நடிகைகளின் கணக்குப் புத்தகம் தகப்பன், அண்ணன், புருஷன் கையிலேயே இருந்திருக்கின்றது. ஆகவே அறந்தாங்கித் தோழர் தம் மகளுக்குக் கருவி வேலையோடு கணக்கு வேலையும் கற்றுக்கொடுக்கட்டும். ஒப்பந்தத்தை அவளே படித்துக் கையெழுத்துப் போடட்டும். கூலி அவள் பேரிலுள்ள பாங்குக் கணக்கிலேயே விழட்டும். அதை எடுக்கும் அதிகாரம் தகப்பனாராகிய அவருக்கும் வேண்டாம்.