தசாவதாரம் பரிணாமப் பாடம் அல்ல

சென்னை எம்.கே.பி. நகர் டீக்கடையில் டார்வின் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இதெல்லாம் நம்ம ஆளுங்க தசாவதாரத்துலயே சொல்லிட்டாங்க." மச்சம் தண்ணீரில், கூர்மம் தண்ணீரிலும் தரையிலும், வராகம் தரையில், நரசிம்மம் பாதி மிருகம், வாமனன் குள்ள மனிதன், ராமன் முழு மனிதன். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. டீக்கடையோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், அப்போது ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஜி. நாகேஸ்வர ராவே டார்வினைவிட தசாவதாரம் மேல் என்று பேசினார்.

முதலில் புராணத்தின் பக்கம் நின்றே கேட்கிறேன். பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில் அவதாரப் பட்டியல் ஒன்று வருகிறது. பத்து அல்ல, இருபத்திரண்டு. அதில் வராகம் இரண்டாவது, மச்சம் பத்தாவது. மீனுக்கு முன்பே பன்றி வந்துவிட்டது! இந்தப் பொருத்தத்தை அச்சில் பரப்பியவர்களில் முந்தியவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார். டார்வின் புத்தகம் 1859இல் வந்தது; அம்மையார் எழுதியது 1877இல். அவர் ஆல்காட் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய பிரம்மஞான சபை அடையாறில் குடியேறியது 1882இல். நம் பாட்டன் சொத்து என்று நாம் மார்தட்டுவது, விடை தெரிந்த பிறகு எழுதிய பரீட்சை.

சரி, உயிரியலுக்கு வருவோம். ஆமை தவளை இனமல்ல, ஊர்வன. நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் மூதாதைகள் தரையில் நடந்துவிட்டுக் கடலுக்குத் திரும்பியவை. அதை மீனுக்கும் பன்றிக்கும் நடுப்படியாக வைக்க வழியே இல்லை.

ஆனால் பெரிய பிழை, படி இருக்கிறது என்று நம்புவதுதான். காசிமேட்டு மீன் ஏலத்தில் சுறாவும் வஞ்சிரமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டும் மீன், நாம் வேறு என்று நினைக்கிறோம். உண்மையில் வஞ்சிரத்துக்குச் சுறாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். 42 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே சுறாவின் வழி பிரிந்துபோயிற்று. வஞ்சிரத்தின் வழியும் நம் வழியும் பிரிந்தது அதற்குப் பிறகுதான். வஞ்சிரம் நமக்காக எங்கும் நின்றுவிடவில்லை. நமக்கு ஆன அத்தனை காலமும் அதற்கும் ஆகியிருக்கிறது.

மீன் தலைக் குழம்பு சாப்பிடுகிறவர்கள் ஒன்றைப் பார்க்கலாம். செவுள் மூடியை எடுத்துவிட்டுக் கன்னச் சதையைத் தின்றால், தாடையை மண்டையோட்டில் தொங்கவிட்டிருக்கும் எலும்பு ஒன்று தட்டுப்படும். அந்த எலும்புதான் சுருங்கிச் சுருங்கி, நம் நடுச்செவியில் சுமார் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள அங்கவடி எலும்பாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த சுத்தி, பட்டடை இரண்டும் பழைய தாடை மூட்டின் எலும்புகள். இதை 1837இலேயே, டார்வின் புத்தகத்துக்கு 22 ஆண்டு முன்பு, ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைகெர்ட் கண்டு சொன்னார். அவர் அறுத்துப் பார்த்தது பன்றிக் கருக்களை. வராகம் சாட்சி சொன்னது அங்கேதான்.

மேலே ஏறுவதுதான் பரிணாமம் என்றால் திமிங்கலத்தை எங்கே வைப்பீர்கள்? ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்த பாறைகள் அவர் காலத்துக்குப் பின் அவர் மனைவி வழியாக ஆய்வாளர் தேவிசனிடம் போயின. உள்ளே இருந்தது பூனை அளவுள்ள, குளம்பு வைத்த, சுமார் 4.8 கோடி ஆண்டு பழைய விலங்கு: இந்தோஹையஸ். அதன் காது எலும்பில் திமிங்கலக் கூட்டத்துக்கே உரிய தடிப்பு இருந்தது. இதை 2007இல் உலகம் அறிந்தது. காலோடு நடந்த வம்சம் கடலுக்குப் போய்க் காலையே தொலைத்திருக்கிறது. தசாவதாரத்தில் இதற்கு இடமுண்டா?

புராணத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று நம்புகிறவனுக்குப் பாடப்புத்தகம் எதற்கு? 2023இல் என்.சி.இ.ஆர்.டி. 10ஆம் வகுப்பிலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள், டீக்கடை அலட்டிக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டு 10ஆம் வகுப்பு அறிவியலில் அந்தப் பாடம் இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர்கள் தயவுசெய்து மச்சாவதாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். காசிமேட்டிலிருந்து ஒரு மீன் தலை வாங்கிப் போங்கள்.