சோப்பு வார்த்தலும் சோப்பு ஆக்கலும்

கைத்தொழில் எதுவாயினும் அதனை இகழ்தல் கற்றோர்க்கு அழகன்று. அவர்க்கு அழகல்லாத பிறிதொன்றும் உண்டு; தாம் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லிக்கொள்வதே அது. இவ்விரண்டினையும் மனத்திற்கொண்டு, இக்காலத்து மாணவர் பலர் ஓய்வு வேளையில் விரும்பிச் செய்துவரும் அலங்காரச் சோப்பு வார்த்தலைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

அறியாதார்பொருட்டு முதற்கண் அதன் முறையைச் சுருங்கச் சொல்லுதும். ‘சோப் பேஸ்’ என்னும் பெயரால் கடைகளில் விற்கும் ஆயத்தச் சோப்புப் பாளத்தை வாங்கிச் சிறு துண்டுகளாக அரிந்து, கிண்ணமொன்றில் இட்டு, அதனைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்தால், ஏறக்குறைய 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது பாகுபோல் உருகும். கொதிக்கவிடலாகாது, கொதித்தால் நீர் வற்றிப் பாகு கலங்கும். உருகியதில் சிறிது நிறமும் வாசனைத் தைலமும் கலந்து, வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் அச்சில் வார்த்துச் சில மணி நேரம் ஆறவிட்டால், தாமரையாகவும் மீனாகவும் பளிங்குத் துண்டமாகவும் கட்டிகள் வெளிவரும். இரு நிறங்களை அடுக்காக வார்க்க விரும்புவோர், கீழடுக்கின்மேல் ஆடை படியுமளவும் பொறுத்து, மேலடுக்குக்குரிய பாகினைச் சற்றே ஆற்றி ஊற்றுவர். சூடு மிகுந்தால் கீழடுக்கு உருகி நிறங்கள் கலக்கும். சூடு குறைந்தால் அடுக்குகள் ஒட்டாது பிரியும்.

“இதுவும் ஒரு தொழிலா? பிறர் செய்த சோப்பை உருக்கி ஊற்றுவதன்றோ?” என்று நகைப்பார் ஒருசாரார். அவர் கூற்றுக்கு யாம் உடன்படோம். பொற்கொல்லர் தாமே சுரங்கம் புகுந்து பொன் எடுப்பதில்லை. ஆயினும் அணியின் அழகு அவர் கைவண்ணமே. வெப்பத்தின் அளவறிதலும், காலம் பார்த்திருத்தலும், நிறத்தோடு நிறம் இயையக் காண்டலும் பழகிய கைக்கும் கண்ணுக்குமே வரும். எந்நேரமும் கைப்பேசித் திரையைத் தடவிக்கொண்டிருக்கும் விரல்கள், ஒரு மாலைப்பொழுதேனும் ஒரு பொருளை உருவாக்குமாயின் அது நன்றே.

எமது மனத்தை வருத்துவது மற்றொரு சாராரின் செயல். அவர்கள் தாம் வார்த்த கட்டியின்மேல், “முழுதும் எம் கையாற் செய்தது, இயற்கையானது, இரசாயனம் யாதும் கலவாதது” என்று சீட்டெழுதி ஒட்டுகின்றனர், நண்பர்க்கு அளிக்கின்றனர், விலைக்கும் விற்கின்றனர். இரசாயனம் கலவாத சோப்பென்பது ஈரமில்லாத நீர் என்பது போலாம். எண்ணெயும் கொழுப்பும் கொழுப்பமிலங்கள் கிளிசரினோடு கூடியமைந்த பொருள்கள் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் ஆராய்ந்து, 1823-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம் அவ்வமிலங்களைப் பற்றிக்கொள்ளக் கிளிசரின் தனியே பிரிகின்றது. காரமும் அமிலமும் கூடியதே நாம் சோப்பு என்றும் சவர்க்காரம் என்றும் வழங்கும் பொருள். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். காரம் மிகுந்தால் தோல் புண்படும். மிகக் குறைந்தால் கட்டி பிசுபிசுக்கும். காரத்தை நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, காரத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரத்தையோ அக்காரம் அரித்துவிடும். அடுப்பேற்றாது செய்யும் முறையில், கட்டி உலர்ந்து பதப்பட நான்கு வாரமேனும் காத்திருத்தல் வேண்டும்.

இவ்விடர்களையெல்லாம் நமக்காக எங்கோ ஓர் ஆலையில் உழைப்போர் ஏற்றுக்கொண்டனர். பாளம் எளிதில் உருகவும் பளிங்குபோல் ஒளிரவும் கிளிசரின், சார்பிட்டால், புரொப்பிலீன் கிளைக்கால் முதலியவற்றை அளவறிந்து சேர்த்தவரும் அவரே. அவருழைப்பை மறைத்து, “முழுதும் யாமே செய்தோம்” என்று சொல்வது நன்றி மறத்தலாகாதோ?

யாமும் இப்பிழைக்கு விலக்கானவரல்லேம். சில ஆண்டுகளுக்கு முன், உற்றார்க்குப் பண்டிகைப் பரிசளிக்கக் கருதி, உருகிய வெண்பாளத்திலே கஸ்தூரி மஞ்சளைக் குழைத்தோம். மேலே புதிய ரோஜா இதழ்களைப் பதித்தோம். ‘இயற்கைச் சோப்பு’ என்று அழகாகச் சீட்டும் எழுதினோம். பொன்னிறத்தை எதிர்நோக்கிய எமக்குச் செம்மண் நிறமே கிடைத்தது. ஒரு வாரத்தில் இதழ்கள் கருகிச் சருகாயின. பரிசு பெற்ற முதிய அத்தையார் ஒருவர் அதனைப் புரட்டிப் பார்த்து, “மஞ்சட்கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டு வேலைக்காரிக்கும் தெரியுமே, நீங்கள் கல்லூரியில் என்னதான் படித்தீர்கள்?” என்று கேட்டார். யாம் விடையற்று நின்றோம். மஞ்சள் காரத்திற் சிவக்கும் என்று ஆய்வுக்கூடத்திற் கண்டு குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவரே யாம். அவ்வறிவு அடுக்களைவரை எம்முடன் வரவில்லை. அன்றே எமக்குச் சோப்பு விளையாட்டுப் பொருளாயிருத்தல் நீங்கிப் பாடப் பொருளாயிற்று.

கற்றறிந்து செய்த தொழிலே நிலைபெறும் என்பதற்கு அயலிலேயே சான்றுண்டு. முதல் உலகப்போரினால் சந்தனக் கட்டையை ஐரோப்பாவிற்கு அனுப்புதல் தடைப்பட்டபோது, மைசூர் அரசர் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரையரும் தம் நாட்டிலேயே சந்தனத் தைலம் வடிக்க 1916-ஆம் ஆண்டில் வழி செய்தனர். அத்தைலத்தைக் கடைச் சோப்பிற் கலந்து விற்றுப் பொருளீட்டியிருக்கலாம். அவர்கள் அங்ஙனம் செய்திலர். சாஸ்திரி என்னும் இரசாயன அறிஞர் இங்கிலாந்து சென்று சோப்புத் தொழிலை முறையாகப் பயின்று வந்தார். அதன் பயனாகப் பிறந்த மைசூர்ச் சந்தனச் சோப்பு இன்றும் மணக்கின்றது.

ஆகவே நம் மாணவர்க்கு யாம் கூறுவன இவை. வார்ப்பதை விடவேண்டா, வார்த்ததை வார்த்தது என்றே சொல்லுக. சீட்டில் பாளத்தின் உட்பொருள்களையும் நீவிர் சேர்த்த நிறத்தையும் தைலத்தையும் ஒளியாது எழுதுக. ஒருவர் தோலுக்கு ஒவ்வாதது எதுவென அவரே அறிந்து விலக்க அது துணையாகும். பால், பழச்சாறு, புதுமலர் முதலிய கெட்டுப்போவனவற்றைக் கலவாதீர். லட்டு, ஜாங்கிரி, பழத்துண்டு போன்ற வடிவங்களைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அளியாதீர். பிள்ளைகள் சீட்டைப் படிப்பதில்லை, வாயில்தான் வைப்பர். மழைக்காலத்தில் கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கட்டி வியர்க்குமாதலின், ஆறியவுடன் காற்றுப் புகாது பொதிந்து வைக்க. விற்க எண்ணுவோர், 1940-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப்பொருட் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப்பொருள் விதிகளும் வேண்டும் உரிமத்தை முன்னரே பெறுக.

இவற்றினும் மேலாக ஒன்று. வார்க்கப் பழகிய ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் ஆசிரியர் துணையோடு ஆய்வுக்கூடத்தில், கண்காப்பும் கையுறையும் அணிந்து, தேங்காயெண்ணெயையும் காரத்தையும் நிறுத்து அளந்து, உண்மைச் சோப்பினை ஆக்கிப் பார்த்தல் வேண்டும். அக்கட்டி கோணலாயிருக்கலாம், நிறமும் மணமும் இல்லாதிருக்கலாம். ஆயினும் “இதனை யாமே செய்தோம்” என்று சொல்லும்போது நா கூசாது. வார்த்தலில் தொடங்குக, ஆக்கல்வரை செல்லுக. மேனியின் அழுக்கைப் போக்கும் பொருளைப் பொய்யெனும் அழுக்கின்றிச் செய்தலே கற்றோர்க்கு அழகு என்பது எமது துணிபு.