முதலில் அவை, பிறகு மேடை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு நீர் சேமிப்பு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையேறினாள். நடுவர்களுக்கு, ஆசிரியர்களுக்கு, தோழர் தோழியருக்கு என வணக்கங்களை அடுக்கிவிட்டு, மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். இரண்டாவது நிமிடத்தில் ஒரு சொல் நழுவியது. கண்ணை மூடிக்கொண்டு முந்தைய வரிக்குப் போனாள். அதே இடத்தில் மறுபடி நின்றாள். மூன்றாம் முறை வணக்கத்திலிருந்தே தொடங்கிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே இறங்கிவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து அவளைக் குழாயடியில் பார்த்தேன். தங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது நடக்கும் கூத்தைத் தோழிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் குடத்தை யார் தள்ளுவார், குழாயைப் பிடித்திருப்பவர் எப்படி முறைப்பார், தங்கள் வீட்டு முறை வரும்போது பார்த்து லாரியில் தண்ணீர் எப்படித் தீரும் என்று நடித்தே காட்டினாள். மணி அடித்தும் ஒருத்தியும் நகரவில்லை. இரண்டு இடத்திலும் பேசியது தண்ணீரைப் பற்றித்தான்.

இந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

அதிகார வரிசை

திருக்குறளில் 72ஆவது அதிகாரம் அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. எதிரே இருப்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும், எப்படிச் சொன்னால் போய்ச் சேரும் என்பது முதலில். அஞ்சாமல் பேசுவது அதற்குப் பிறகு. நம் பயிற்சி வகுப்புகள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. கூச்சத்தைப் போக்குவது எப்படி என்று ஆரம்பித்து, கையை எங்கே வைப்பது, எங்கே குரலை உயர்த்துவது என்று போய் முடிகின்றன. கேட்க வந்திருப்பவர் யார் என்ற கேள்வி கடைசிவரை எழுவதில்லை.

மேடை நடுக்கத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். நடுங்குகிறவரின் மனம் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது: எப்படித் தெரிகிறேன், அடுத்த சொல் என்ன, மறந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கவனம் எதிரில் இருப்பவர் பக்கம் திரும்பிவிட்டால் நடுக்கம் முற்றாக நிற்காவிட்டாலும் பேச்சை நிறுத்தும் வலு அதற்கு இருக்காது. குழாயடியில் அந்த மாணவி தோழிகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். மேடையில் தன் நினைவுக்குள் இருந்த ஒரு தாளைப் படித்தாள்.

மக்களை நோக்கித் திரும்பிய மேடை

தமிழ் மேடை வளர்ந்த கதையும் இதுதான். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். செய்யுளைப் படித்துப் பொருள் சொல்லும் புராண படனம் அதற்கு முன்பே இங்கு உண்டு. ஆனால், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற நாவலர், கிறித்தவ ஊழியர்கள் மக்களைப் பார்த்து நேராகப் பேசும் முறையைக் கிட்டத்தில் இருந்து கண்டவர். அந்த முறையையே எடுத்துத் தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். அவரது பேச்சில் நூல் துணைக்கு நின்றது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து அரசியல் மேடையிலும் அதுவே நடந்தது. படித்தவர்கள் படித்தவர்களிடம் ஆங்கிலத்தில் அரசியல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது; மார்ச்சில் நிர்வாகம் இறங்கிவந்து ஊதிய உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது. அதே மாதம் இருவரும் கைதானார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டும் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுளாக நாற்பது ஆண்டும் தீவாந்தரத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், ஒரு பேச்சு யார் காதில் விழுகிறது என்பதற்கு அரசு வைத்த மதிப்பு அந்தத் தீர்ப்பில் தெரிகிறது.

அவைக்கு ஏற்ப ஒரே மனிதர் மாறவும் வேண்டும். பொதுக்கூட்டங்களில் அடுக்குமொழியால் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அண்ணா, 1962இல் மாநிலங்களவையில் எழுந்தபோது ஆங்கிலத்தில், வாதத்துக்கு மேல் வாதமாக வைத்துப் பேசினார். பெரியாரிடம் அடுக்குமொழி கிடையாது; வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல மணிக்கணக்கில் பேசினார். கூட்டத்துக்குக் கசக்கும் என்று தெரிந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். நான் சொல்வதால் நம்ப வேண்டாம், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் திரும்பத் திரும்ப எச்சரிக்கவும் செய்தார். அவையை அறிவது வேறு, அவைக்கு இனிப்பதை மட்டும் பேசுவது வேறு. கூட்டத்தின் வெறுப்பு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து அதை விசிறிவிடுகிறவருக்கும் அவை தெரிந்துதான் இருக்கிறது. அவரிடம் இல்லாதது அதன் மீதான மரியாதை.

காதுக்கு எழுதுவது

படிக்கிறவர் புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. காதில் விழுந்தது விழுந்ததுதான். மேடை நுட்பங்கள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையைச் சரிக்கட்ட வந்தவை. ஒரு பேச்சில் ஒரே கருத்து. அதையே வேறு வேறு கோணத்தில் இரண்டு மூன்று முறை. முக்கியமான சொல்லுக்குப் பின் சின்ன மௌனம். மௌனத்தில்தான் கேட்பவர் சொன்னதை உள்ளே வாங்குகிறார். பேசுகிறவருக்கு ஒரு யுகமாகத் தோன்றும் அந்த மூன்று விநாடி, கேட்பவருக்கு மூச்சுவிடக் கிடைத்த நேரம்.

தமிழுக்கென்று கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. “நம் ஊருக்கு மேற்கே, பல ஆண்டுகளாகத் தூர்வாரப்படாமல் கருவேலம் மண்டிக் கிடக்கிற, ஒரு காலத்தில் இரண்டு போகத்துக்கு நீர் தந்த ஏரியை…” என்று இழுத்தால், அடுத்து வரப்போவது காப்போமா, விற்றுவிட்டார்களா என்று தெரியாமல் கேட்பவர் அந்தரத்தில் தொங்குகிறார். உடைத்துப் பாருங்கள்: “மேற்கே நம் ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரில் இரண்டு போகம் விளைந்தது. இன்றைக்குக் கருவேலம் விளைகிறது.” செய்தி ஒன்றுதான். இரண்டாவது மனதில் நிற்கிறது.

இன்னொன்று, நமக்கு எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. தேர்ந்த பட்டிமன்றப் பேச்சாளரைக் கவனித்தால், வாதத்தை மேடைத் தமிழில் நிறுத்திவிட்டு, அதற்கான கதையை மதுரைத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ சொல்வது தெரியும். முழுக்கச் செந்தமிழில் போனால் விலகல். முழுக்க வழக்கில் போனால் கனம் குறையும். எந்த இடத்தில் மாறுவது என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது.

மனப்பாடத்தை அடியோடு தள்ளவும் வேண்டாம். ல, ள, ழ வேறுபாடும் மூச்சுக் கட்டுப்பாடும் ஒப்புவித்துப் பழகிய பிள்ளைகளுக்குக் கைவருகின்றன. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருப்பது நல்லது. இடையில் உள்ளதற்கு வரி வரியாக வேண்டாம். நான்கைந்து குறிப்புச் சொற்கள் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தால் போதும். வரிகளைக் கோத்து வைத்திருப்பவருக்கு ஒரு மணி அறுந்தால் மாலையே சிதறும். குறிப்பை வைத்திருப்பவர் அடுத்த குறிப்புக்குத் தாண்டிவிடுவார். தாண்டியது யாருக்கும் தெரியாது.

அவர்களே, அவர்களே

நம் மேடைகளின் பெரிய நோய் தொடக்கத்திலேயே இருக்கிறது. கூட்டம் முழுக் கவனத்தோடு இருக்கும் முதல் இரண்டு நிமிடத்தை, மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்து முடிப்பதில் செலவழிக்கிறோம். முகம் கூட்டத்தைப் பார்த்திருந்தாலும் பேச்சு மேடையைப் பார்த்துத்தான் நடக்கிறது. அவையறிதலுக்கு நேர் எதிரான பழக்கம் இது.

உண்மையில் பேசத் தெரிய வேண்டிய இடங்கள் பொன்னாடை போர்த்தும் மேடைகள் அல்ல. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, ஊரக வேலைத் திட்டக் கூலி எல்லாம் அங்கேதான் பேசப்பட வேண்டும். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று நான்கு வாக்கியத்தில் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதாமல் தவிர்ப்பது கடினம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் இதே கதைதான். இத்தகைய பேச்சுக்கு எந்தப் பள்ளியும் பரிசு தருவதில்லை.

தரலாம். தலைப்பைப் பத்து நிமிடத்துக்கு முன் கொடுக்கலாம். வணக்கத்துக்கு ஒரே வரி என்று கட்டுப்படுத்தலாம். பேசி முடித்ததும் கீழே இருக்கும் மாணவர்களை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை எழுப்பி, பேசியவர் என்ன சொன்னார் என்று திருப்பிச் சொல்லவைக்கலாம். திருப்பிச் சொல்ல முடிந்தால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

அன்றைக்கு என் கையில் இருந்த மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, உடல்மொழி, கருத்து, நேரம் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அந்த மாணவிக்கு நான்கிலும் குறைத்துத்தான் போட்டேன். விதிப்படி அது சரி. கேட்டவர்களுக்கென்று அதில் ஐந்தாவதாக ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் தாளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத்தான் போயிருக்க வேண்டும்.