கைதட்டல் வேண்டாம், கட்டளை தருக!

புதிய கைத்தொழில் நுட்பங் கண்ட சிறு நிறுவனங்களை வளர்க்கின்றோமெனப் பெருங் கம்பனிகள் ‘அக்சலரேட்டர்’ என்னும் வளர்ப்பகங்களை நடத்துகின்றன. மூன்று மாதம் ஆலோசனை கூறி, மேடையேற்றி, படம்பிடித்து அனுப்பிவிடுவதே பலவற்றின் வழக்கம். போதாக்குறைக்குப் பங்குங் கேட்பன சில! இதுவா வளர்ப்பு?

கைபேசிச் செயலியை மூன்று மாதத்திற் சோதித்துவிடலாம். இயந்திரத்தின் அதிர்வை அளந்து, பேரிங் பழுதாகுமுன் எச்சரிக்குங் கருவியை அவ்வாறு சோதிக்க இயலுமா? ஓடும் ஆலைக்குள் மாதக்கணக்கில் அது பொருத்தப்படல் வேண்டும். அக்கதவின் திறவுகோலோ பெருங் கம்பனியிடமே உண்டு.

ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி 2015இல் தொடங்கிய ‘ஸ்டார்ட்அப் கராஜ்’ இதனை உணர்ந்தது. பங்கு கேளாது, முதல் வாடிக்கையாளனாக நின்று, விலைகொடுத்து வாங்கிச் சோதிப்பதே அதன் முறை. தருமமன்று அது, புதுமையைப் போட்டியாளருக்கு முன் கைப்பற்றும் வணிகத் தந்திரமே. ஆயினுமென்ன? பெருங் கம்பனியின் ஒரு கொள்வனவுக் கட்டளை, அடுத்த வாடிக்கையாளனிடம் நூறு சான்றிதழ்களினும் உரத்துப் பேசும்.

இலவசச் சோதனை நடத்தி, முடிவுகூறாது இழுத்தடித்து, சிறியவனின் கையிருப்புக் கரையும்வரை காத்திருக்கும் கம்பனிகளை நாம் கேட்கின்றோம்: உங்கள் வளர்ப்பகத்திற் தேறிய கருவிகளுள் எத்தனையை நீங்களே வாங்கினீர்கள்? படங்களை விடுத்து அக்கணக்கை வெளியிடுங்கள்!