பதினான்கு வயதில் ஓர் ஒப்பந்தம்



ஐஸ் ஹொக்கி எமக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. இரும்பு அலகு பொருத்திய சப்பாத்து அணிந்து, பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே இறப்பர் வட்டொன்றை மட்டையால் அடித்து எதிரணியின் வலைக்குள் செலுத்த வேண்டும். மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். நான் எழுத வந்தது ஒரு பிள்ளையின் ஒப்பந்தத்தைப் பற்றி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி சவுண்ட் என்றொரு சிற்றூர். 1948இல் அங்கே பிறந்தவர் பொபி ஓர். தகப்பனார் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி; வீட்டில் ஐந்து பிள்ளைகள். 1961இல் சிறுவர் போட்டியொன்றில் பொஸ்டன் கழகத்தார் இவரைக் கண்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டை அவர்கள் விடவில்லை. மறு ஆண்டே ஒப்பந்தம் ஆயிற்று. பிள்ளைக்கு வயது பதினான்கு.

அக்காலத்தில் கழகங்களிடம் ஒரு பத்திரம் இருந்தது. அதில் ஒப்பமிட்டுவிட்டால் பிள்ளை அந்தக் கழகத்துக்கே உரியவன். தொழில்முறை ஆட்டத்தில் வேறொரு கழகத்தைத் தேடிப் போக முடியாது. வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோரும் ஒப்பமிட வேண்டும். ஈடாக அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, வீட்டின் வெளிச்சுவருக்குப் பூச்சு! அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உழைத்துக் களைத்த வீட்டுக்கு அதுவும் பெரிதுதான்.

ஆனால் தாயார் ஒன்றில் உறுதியாக நின்றார். இந்த வயதில் பிள்ளை வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்றார். அதனால் முதல் ஆண்டு முழுவதும் ஓர் வீட்டிலிருந்தே பாடசாலைக்குப் போனார். வார இறுதிகளில் மாத்திரம் மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாகக் காரில் பயணித்து, ஒஷாவா நகர அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். பத்தொன்பது, இருபது வயது வாலிபர்களுக்கு எதிரே பதினான்கு வயதுச் சிறுவன்! அவர் தற்காப்பு வீரர். தற்காப்பு வீரர் பின்னால் நின்று வலையைக் காப்பதே அன்றைய வழக்கம். இவரோ வட்டைத் தாமே கொண்டு முன்னேறி கோலும் போட்டார்.

1966இல் பொஸ்டனின் பெரிய அணியில் சேரும் வேளை வந்தது. கழகம் தர முன்வந்த சம்பளம் மிகக் குறைவு. குடும்பத்தார் அலன் ஈகிள்சன் என்ற சட்டத்தரணியை நாடினார்கள். அவர் வாதாடி, புதிதாய்ச் சேரும் எந்த வீரரும் அதுவரை பெறாத சம்பளத்தை வாங்கிக் கொடுத்தார். முதற் பருவத்திலேயே, 61 ஆட்டங்களில் 13 கோல்கள் போட்ட ஓர், சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். 1968 முதல் 1975 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த தற்காப்பு வீரர் விருதும் அவருக்கே. முழங்கால் உபாதையும் அந்த முதற் பருவத்திலேயே தொடங்கிவிட்டது.

ஈகிள்சன்மீது அவர் வைத்த நம்பிக்கை சகோதரனிடம் வைக்கும் நம்பிக்கை. ஒப்பந்தம், பணம், வரி எல்லாம் அவர் கையில். 1976இல் ஓர் தம்முடனேயே இருக்க வேண்டுமென்று பொஸ்டன் கழகம் தன் உரிமையில் 18.5 வீதத்தைத் தர முன்வந்தது. அந்தச் செய்தியை ஈகிள்சன் ஓரிடம் சொல்லவில்லை. அவர் சிக்காகோ அணிக்குப் போனார். அங்கு ஆடியது 26 ஆட்டங்கள் மாத்திரம். முப்பது வயதில், 1978இல், விளையாட்டை விட்டபோது கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தானே வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மத்ரஸாவில் இதை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் கடையையும் கடனையும் மட்டும் நினைக்கிறார்கள். பிள்ளையின் பெயரில் பெற்றோர் இடும் ஒப்பமும் இதை ஒத்ததுதான். பத்திரத்தை வாசிக்கச் சொல்வது அவநம்பிக்கை என்று நம் வீட்டுப் பெண்கள் கூசுகிறார்களே, அந்தக் கூச்சம் மார்க்கம் கற்பித்ததல்ல.

1998இல் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஓர் பிற்காலத்தில் தாமே இளம் வீரர்களின் முகவராகி, அவர்களுடைய ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கும் தொழிலைச் செய்தார்.