வேலிக்கு இந்தப் பக்கம்

பணி ஓய்வு பெற்றுக் கைக்கு வந்த பணத்தை எதில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வைத்து அழைத்துப்போனார்கள். போக வர இலவசம். மதியச் சாப்பாடும் உண்டு. கேளம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே வெகுதூரம் போய் ஒரு பொட்டல் வெளியில் இறக்கிவிட்டார்களாம். சுண்ணாம்புக் கோடுகள், காற்றில் படபடக்கும் கொடிகள், நடுவில் ஒரு ஷாமியானா. கையில் கொடுத்த வழவழப்பான நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: ‘டேட்டா சென்டர் மிக அருகில்’. அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். “ஒரு கிரவுண்டு வருதுப்பா. பக்கத்துல பெரிய கம்பெனிக்காரன் டேட்டா சென்டர் கட்டறான். அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆயிடும்ங்கறாங்க. அட்வான்ஸ் அம்பதாயிரம் குடுத்துட்டேன். நீ என்ன சொல்ற?”

நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நம்பிக்கை அவர் ஒருவரோடு நிற்பதில்லை என்பதால், அதையே இங்கே விரித்து எழுதுகிறேன். டேட்டா சென்டர் வந்தால் சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏறும் என்பதை இன்று சென்னையில் புரோக்கர் முதல் பேங்க் மேனேஜர் வரை கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். இது தவறு. இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் ஓய்வூதியப் பணத்தையும் மகளின் நகையையும் மண்ணில் போடுகிறவர்கள்.

நம்பிக்கையின் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) ஐ.டி. சாலையாக மாறியதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். சோழிங்கநல்லூரிலும் நாவலூரிலும் அன்று சல்லிசாகக் கிடைத்த நிலத்தை வாங்காமல் விட்ட வருத்தம் சென்னைக் குடும்பங்களில் இன்றும் தீரவில்லை. தீபாவளிக்குச் சொந்தங்கள் கூடினால் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார். அந்த வருத்தத்தைத்தான் இப்போது விற்கிறார்கள். ‘அன்றைக்கு ஐ.டி.யை விட்டீர்கள், இன்றைக்கு டேட்டா சென்டரையும் விடாதீர்கள்’ என்பதுதான் அந்த நோட்டீஸின் உள்ளர்த்தம்.

ஆனால் அன்று நாவலூரில் நிலத்தின் விலையை ஏற்றியது கட்டடம் அல்ல, கட்டடத்துக்குள் வந்த ஆட்கள். சிறுசேரி சிப்காட்டில் டி.சி.எஸ். வளாகம் 70 ஏக்கர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து வேலை பார்க்கக் கட்டியது. அத்தனை பேருக்கும் தங்க இடம் வேண்டும், இட்லி வேண்டும், ஷேர் ஆட்டோ வேண்டும். கல்யாணமானால் இரண்டு படுக்கையறை வீடு வேண்டும், பிள்ளை பிறந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். படூரிலும் தாழம்பூரிலும் வாடகை ஏறியது அவர்களால். வாடகை ஏறியதால் மனை விலை ஏறியது.

டேட்டா சென்டர் வேறு ஜாதிக் கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக சர்வர்கள். அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்கள். மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்க பேட்டரிகளும் டீசல் ஜெனரேட்டர்களும். சுற்றிலும் உயரமான வேலி, கேமராக்கள், வாசலில் காவலர்கள். உலகிலேயே டேட்டா சென்டர்கள் மிக அடர்த்தியாக இருக்கும் இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதி. அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கு சொல்கிறது. இரண்டரை லட்சம் சதுர அடி கொண்ட ஒரு சராசரி டேட்டா சென்டரில் முழுநேர வேலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 50 பேர், அதிலும் பாதிப் பேர் ஒப்பந்தத்தில். கட்டும்போது மட்டும் உச்சத்தில் 1,500 பேர் வரை வேலை செய்கிறார்கள். கட்டி முடிந்ததும் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஐம்பது பேரை நம்பி யார் அப்பார்ட்மென்ட் கட்டுவார்கள்? ஐம்பது பேருக்காக எத்தனை டீக்கடை நடக்கும்?

இங்கே புரோக்கர் ஒரு பதில் வைத்திருப்பார்: “சார், அந்தக் கம்பெனியே உங்க நிலத்தை வாங்கும்.” வாங்காது. டேட்டா சென்டர் தேடுவது ஒரே துண்டாகப் பல ஏக்கர், தொழிற்சாலை வகைப்பாடு, உயரழுத்த மின்சாரம், இரண்டு வேறு பாதைகளில் ஃபைபர் கேபிள், வெள்ளம் ஏறாத மேடு. 2,400 சதுர அடி மனைக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் வாங்குவதே குடியிருப்புக்காகத்தான். அப்படிப்பட்ட நூறு மனைகளை நூறு பத்திரங்களிலிருந்து ஒன்றாகச் சேர்த்து, வகைப்பாட்டை மாற்றி வாங்க எந்த நிறுவனத்துக்கும் பொறுமை கிடையாது. அதனால்தான் அவர்கள் சிறுசேரி சிப்காட்டுக்கும் அம்பத்தூருக்கும் போகிறார்கள். அம்பத்தூர் 1960களிலேயே தொழிற்பேட்டை ஆன ஊர். 2024 ஜனவரியில் அங்கே திறந்த டிஜிட்டல் கனெக்‌ஷன் வளாகம் 10 ஏக்கரில் 100 மெகாவாட் வரை வளரும் திட்டத்தோடு வந்தது. தரையில் பரப்பு சிறியது, மின்சாரம் மிகப் பெரியது. டேட்டா சென்டர் நிலத்தின் மதிப்பை அளக்கும் கோல் ஏக்கர் அல்ல, மெகாவாட். உங்கள் மனையில் மெகாவாட் இல்லை.

கூட்டிச் சேர்த்த பத்து ஏக்கரை, சரியான வகைப்பாட்டோடு, துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறுகிறவர்களில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வர்ஜீனியாவைக் காட்டி வாதம் செய்பவர்களும் உண்டு. அங்கே லௌடன் கவுன்டியின் ஆஷ்பர்னில் ஒரு ஏக்கர் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் பல மடங்கு போனது உண்மை. அது டேட்டா சென்டர் கட்ட அனுமதியும் மின்சாரமும் உள்ள நிலம். பக்கத்துத் தெரு வீடுகளின் விலையும் அங்கே விழுந்துவிடவில்லை. ஆனால் அது தலைநகர் வாஷிங்டனின் புறநகர், அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் மிக அதிகமான கவுன்டிகளில் ஒன்று. பக்கத்தில் டல்லஸ் விமான நிலையம் இருக்கிறது. 2022 நவம்பரில் மெட்ரோ ரயிலும் ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது. நம் ஊரிலும் இதே குழப்பம்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் வருகிறது. ஆறுவழிச் சாலை இருக்கிறது. ஐ.டி. வேலைகள் இருக்கின்றன. ஏறுகிற விலையெல்லாம் இவற்றின் கணக்கு. பேரை மட்டும் டேட்டா சென்டர் வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. லௌடன் கவுன்டிக்கு டேட்டா சென்டர்களால் வருமானம் கொட்டுவதற்குக் காரணம், அங்கே உள்ளாட்சி அமைப்பு கட்டடத்துக்கு மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் வரி போடுகிறது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது, சாலை போடுகிறார்கள். நம் ஊராட்சிக்கு அப்படியொரு அதிகாரம் கிடையாது. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தரவு மையக் கொள்கை முதலீட்டாளருக்குச் சலுகைகளைத்தான் பேசுகிறது. ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அதிலிருந்து என்ன வரும் என்று எந்த நோட்டீஸிலும் நான் படித்ததில்லை.

வர்ஜீனியாவில் என்னை உலுக்கியது லௌடனுக்குப் பக்கத்துக் கவுன்டியான பிரின்ஸ் வில்லியமின் கதை. மனாசஸ் போர்க்களத்தை ஒட்டி நிலம் வைத்திருந்த பலர் ஒன்றுசேர்ந்து, சுமார் 2,100 ஏக்கரை டேட்டா சென்டர் நிறுவனங்களுக்கு விற்க முன்வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். 2023 டிசம்பரில் கவுன்டி மன்றம் 27 மணி நேரம் தொடர்ந்து கூடி, திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாது என்றது, கூட்ட அறிவிப்பை முறையாக வெளியிடவில்லை என்பதற்காக. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. விற்பவர்களே இப்படி ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் தொங்கினார்கள் என்றால், விற்க எதுவுமில்லாமல் பக்கத்தில் மனை வாங்கிப் போட்டவரின் கதி என்ன?

அறிவிப்பு வேறு, கட்டடம் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒஹாயோவின் லிக்கிங் கவுன்டியில் 100 கோடி டாலர் செலவில் டேட்டா சென்டர்கள் கட்டுவதாகச் சொன்ன மைக்ரோசாஃப்ட், 2025 ஏப்ரலில் இப்போதைக்கு இல்லை என்றது. வாங்கிய மூன்று இடங்களில் இரண்டில் விவசாயம் தொடரும் என்றும் சொன்னது. அந்த நிறுவனம் அதைத் தாங்கும். மாதத் தவணை கட்டுகிறவர் தாங்குவாரா? 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டை கூகுள் அறிவித்தது. அந்த முதலீடு நிஜமாகவே நடக்கட்டும்; ஆனால் அறிவிப்பின் பேரில் பக்கத்துக் கிராமத்தில் மனை வாங்குகிறவர் வாங்குவது நிலத்தை அல்ல, செய்தியை.

மின்சாரத்துக்கு வருவோம். 100 மெகாவாட் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 4.8 லட்சம் வீடுகளின் செலவு. வர்ஜீனியாவில் 2022 கோடையில் டொமினியன் மின்நிறுவனம், கிழக்கு லௌடனில் புது இணைப்புகளுக்குத் தேவையான கம்பிப்பாதை இல்லை என்று கைவிரித்தது. அயர்லாந்தில் 2023இல் மொத்த மின்பயன்பாட்டில் 21 விழுக்காடு டேட்டா சென்டர்களுக்கே போனது. இந்த அளவு மின்சாரம் வரும் வழியில் உயரழுத்தக் கோபுரங்கள் நிற்கும். அந்தக் கம்பிக்குக் கீழே விழுந்த மனையில் வீடு கட்ட அனுமதி கேட்டு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘பக்கத்தில் துணை மின்நிலையம் வருகிறது, கரன்ட் கட்டே இருக்காது’ என்கிறார் புரோக்கர். அந்த மின்நிலையம் வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு.

தண்ணீரும் இருக்கிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை நாம் மறக்கவில்லை. அந்தச் சாலையின் பெரும்பகுதி இன்றும் லாரித் தண்ணீரில் வாழ்கிறது. டேட்டா சென்டர்களைக் காற்றால் குளிர்விக்கும் முறைக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், ஆனால் அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும், இயந்திரச் சத்தமும் உண்டு. மனாசஸ் பக்கம் கிரேட் ஓக் குடியிருப்பில் இரவும் பகலும் ஓயாத அந்த ரீங்காரத்துக்கு எதிராக மக்கள் போராடினார்கள். வீட்டை அமைதிக்காக வாங்கியவர்கள் அவர்கள்.

அப்படியானால் டேட்டா சென்டரில் பணமே இல்லையா? இருக்கிறது. அது இருக்கும் இடம் குத்தகை ஒப்பந்தம். பத்து, பதினைந்து ஆண்டுக்கு இடத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் பெரிய வாடிக்கையாளர், மாதாமாதம் தரும் வாடகையில் இருக்கிறது அந்த லாபம். சிங்கப்பூரில் 2014இல் பட்டியலான கெப்பல் டி.சி. ரீட் என்ற டேட்டா சென்டர் முதலீட்டு நிதியம் அந்த வாடகையைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தருகிறது. அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு, நான் அதை வாங்கச் சொல்லவில்லை. கட்டடத்தின் வருமானத்தில் பங்கு என்பது ஒன்று, கட்டடத்துக்கு அருகில் மண் என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் காட்டி விற்பது ஏமாற்று.

சித்தப்பாவை வாதத்தால் அசைக்க முடியவில்லை. ஒரு புதன்கிழமை மாலை அவரை வண்டியில் உட்காரவைத்து சிறுசேரிக்குக் கூட்டிப்போனேன். ஆறு மணிக்கு ஐ.டி. வளாகத்தின் வாசலில் நின்றோம். பஸ்கள் வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் அலையலையாக வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். சாலையைக் கடக்கவே எங்களுக்கு வெகுநேரம் ஆனது. பிறகு வண்டியைத் திருப்பி ஒரு டேட்டா சென்டரின் வாசலுக்குப் போனோம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஏழு பேர் வெளியே வந்தார்கள். அதில் மூன்று பேர் ஷிஃப்ட் முடிந்த காவலர்கள்.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது, “டீ குடிக்கலாம்னு பார்த்தா ஒரு கடைகூட இல்லையேப்பா” என்றார். மறுநாளே போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நான்கு மாதமாக அடுத்த வாரம் போய்க்கொண்டிருக்கிறார்.