சீருடைக்கு முன்னால் சம்மதம்

படையும் வைத்தியசாலையும் கைகோர்த்தால் மருத்துவம் வளரும் என்று படித்தவர்கள் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். யுத்தம்தானே பெனிசிலினைப் பெருக்கியது, இரத்த வங்கியைப் பரப்பியது என்கிறார்கள். உண்மைதான். நான் வைத்தியனல்ல, நெல்லியடியில் புடைவைக்கடை வைத்திருப்பவன். எனக்குள்ள கேள்வி ஒன்றே: அந்த ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவனால் "மாட்டேன்" என்று சொல்ல முடிந்ததா?

நேபாளத்தில் நடந்ததைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் ஈ என்பது அசுத்தத் தண்ணீரால் பரவும் ஈரல் நோய். கர்ப்பிணிகளையே அதிகம் கொல்வது. அதற்கொரு தடுப்பூசியைப் பரீட்சிக்க அமெரிக்க இராணுவத்தின் வோல்டர் ரீட் ஆய்வு நிறுவனமும் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பனியும் அங்கு போயின. முதலில் காத்மாண்டுவை அடுத்த லலித்பூரின் சாதாரண மக்களைத்தான் நாடினார்கள். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் நின்றது. அடுத்து எங்கே போனார்கள்? நேபாள இராணுவத்திடம். 2001இல் சுமார் 2000 சிப்பாய்களிடம் பரீட்சை தொடங்கியது. கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். 2007இல் முடிவு வெளிவந்தது: 95.5 சதவீதப் பாதுகாப்பு. வெற்றிதான். ஆனால் கம்பனி அந்த ஊசியைச் சந்தைக்கே கொண்டுவரவில்லை. 2014இல் விராட்நகரில் இதே நோய் ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையில் போட்டபோது, நேபாளச் சிப்பாயின் கையில் குத்திப் பார்த்த அந்த ஊசி அங்கே இருக்கவில்லை.

ஊரவன் மறுத்தான், சிப்பாய் மறுக்கவில்லை. சிப்பாய்க்கு விஞ்ஞானத்தில் கூடுதல் ஈடுபாடு என்றா இதற்கு அர்த்தம்? கட்டளைக்குப் பழக்கப்பட்டவனிடம் மேலதிகாரியின் நிழலில் வாங்கும் கையொப்பத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது பேனாவுக்குச் சுலபம்.

நமது நாட்டுக்கு வருவோம். கொழும்பு மருத்துவ பீடத்து மனநல ஆய்வாளர்கள் கடற்படையோடு சேர்ந்து ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். விசேட படையினர் 259 பேர், சாதாரணப் படையினர் 412 பேர். யுத்த அதிர்ச்சி நோய் இரு சாராரிடமும் இரண்டு சதவீதமளவே என்றார்கள். அந்த ஆய்வு வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். கடற்படைச் சிப்பாயும் ஓர் ஏழைத் தாயின் பிள்ளைதான், அவனுடைய நித்திரையும் கெட்டிருக்கும். ஆனால் தொழிலில் நிற்பவனைத்தான் எண்ண முடிந்தது. பயந்து ஓடிப்போனவன் எந்தக் கணக்கிலும் இல்லை. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று முகாமுக்குள் எழுதுவதும் வீட்டுத் திண்ணையில் சொல்வதும் ஒன்றல்ல.

2009இல் யாழ் மாவட்ட வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் அதே நோய் 7 சதவீதம், மனப்பதற்றம் 32.6 சதவீதம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த நம்மவர்களில் 450 பேரை ஆராய்ந்தபோது 18.8 சதவீதத்தினருக்கு ஏதோவொரு பொது மனநோய். (அளவுகோல்கள் வேறு வேறு, இவற்றைத் தராசில் வைத்துப் போட்டிபோட வேண்டாம்.) என் குடும்பமும் புத்தளம் போனதுதான். அந்த 450 பேரில் எங்கள் வீட்டார் இல்லை, இருந்திருக்கலாம். கேள்வி கேட்க வந்தவன் துவக்கோடு வந்திருந்தால் எங்கள் உம்மா என்ன பதில் சொல்லியிருப்பா? "சுகமாயிருக்கிறோம் மகன்" என்றிருப்பா.

வடமராட்சிக்கு இது புத்தகச் சங்கதியல்ல. 1987இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாயிருந்தது. அதே வருடம் ஒக்டோபர் 21, தீபாவளியன்று, இந்தியப் படை யாழ் வைத்தியசாலைக்குள் புகுந்தது. நோயாளிகள், தாதியர், வைத்தியர்கள் என்று சுமார் 70 பேர் செத்தார்கள். இந்த நினைவுள்ள சனத்திடம் சீருடை போட்டவர் இரத்தம் எடுக்க வந்தால் கையை நீட்டுவார்கள். அந்த நீட்டலுக்குப் பெயர் சம்மதமல்ல.

இன்று வெரஹெரவில் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கென்றே பெரிய போதனா வைத்தியசாலை இருக்கிறது. 2020இல் கொரோனாத் தடுப்பு நிலையத்துக்கே இராணுவத் தளபதிதான் தலைவர். மருந்தும் படையும் ஒரே மேசையில் இருக்கப் பழகிவிட்டன. நமது எழுத்தாளர்களோ இதை டொக்டர்மாரின் விஷயமென்று ஒதுக்கிவிட்டு உருவகத்தில் யுத்தம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நாளை மந்திகை வைத்தியசாலையிலோ யாழ் போதனாவிலோ அப்படியொரு படிவம் நீட்டப்படலாம். வாசிக்கத் தமிழில் இருக்கிறதா, என் விபரம் எந்த அலுவலகத்துக்குப் போகும், மருந்து பலித்தால் எங்கள் ஊருக்கும் வருமா, மறுத்தால் நாளைக்கும் எனக்குக் கிளினிக்கில் துண்டு தருவீர்களா என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், அறையில் நிற்கும் சீருடைக்காரரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.